ஓநாய் இல்லாத ஓநாய்ப் பள்ளத்தாக்கு

புறக்கோட்டையில் மிளகாய் மூட்டையும் வெங்காய மூட்டையும் இறங்கும் தெருக்களைத் தாண்டி, கைவண்டி தள்ளும் நாட்டாமிகளுக்கு வழிவிட்டு உள்ளே நடந்தால் தெரு மெல்ல மேடேறும். அந்த ஏற்றத்தின் முடிவில், கொட்டாஞ்சேனையின் விளிம்பில், ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயம் நிற்கிறது. அடிக்கல் 1749இல் நாட்டப்பட்டது. 1757 மார்ச்சில் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். சிலுவை வடிவக் கட்டடம். சுவர்களின் கனம் ஏறத்தாழ ஐந்தடி. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே பாறைக் குகையின் குளிர்ச்சி இருக்கும். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயம் பயன்பாடற்றுப் போனபின், அங்கே புதைக்கப்பட்டிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள். தரையில் பதித்த கல்லறைப் பலகைகளில் குலச்சின்னங்களும் கப்பற்காலத்து எழுத்துகளும் இன்றும் தெளிவாக இருக்கின்றன.

வுல்பெண்டால் என்றால் ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இங்கே இருப்பது குன்று, பள்ளத்தாக்கு இல்லை. ஓநாயோ இலங்கைத் தீவிலேயே இல்லை. நம் காட்டில் ஊளையிடுவது நரி. அப்படியிருக்க, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

விடை போர்த்துக்கேயர் காலத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் வருமுன் இந்த மேட்டில் குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு கோயில் இருந்தது. ஊர்வாயில் அந்தப் பெயர் தேய்ந்து ‘ஆகுவா த லூப்பு’ என்பதுபோல் ஒலித்தது. ‘லூப்பு’ என்ற ஒலியில் போர்த்துக்கேய ஓநாயைக் கேட்ட ஒல்லாந்தர் அதைத் தம் மொழிக்கு மாற்றி எழுதிக்கொண்டார்கள். மாதா போய் ஓநாய் வந்தது. கொழும்பின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் இதை ஒரு வேடிக்கையான பிழையாகச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் இன்னும் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். குவாதலூப்பே என்பது ஸ்பெயினின் மேற்கே, எக்ஸ்திரமதுரா மலைநாட்டில் உள்ள ஓர் ஆற்றின் பெயர்; அதன் கரையில் எழுந்த மாதா திருத்தலத்தின் பெயரும் அதுவே. ஸ்பானியப் பெயர்களில் ‘குவாத’ என்று தொடங்குபவை பெரும்பாலும் அரபியர் ஆட்சியின் எச்சங்கள்: ‘வாதி’ என்ற அரபுச் சொல் பள்ளத்தாக்கையும் அதில் ஓடும் ஆற்றையும் குறிக்கும். பிற்பாதிக்கு விளக்கங்கள் பல. அவற்றுள் ஒன்று ‘லூப்புஸ்’, இலத்தீனில் ஓநாய், என்பது. அந்த விளக்கம் சரியென்றால் குவாதலூப்பே என்ற பெயரின் நேர்ப்பொருளே ஓநாய்ப் பள்ளத்தாக்குத்தான். ஒல்லாந்தர் தவறாகக் கேட்டு, தெரியாமலே சரியாக மொழிபெயர்த்துவிட்டார்கள்.

அரபும் இலத்தீனும் ஒட்டிப் பிறந்த இந்தப் பெயர் எங்கெல்லாம் போயிற்று! 1493இல் கொலம்பசு கரீபியன் கடலின் தீவொன்றுக்கு அதைச் சூட்டினார். 1531இல் மெக்சிக்கோவின் தெப்பேயாக் குன்றில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மாதா காட்சியோடு அது ஒட்டிக்கொண்டது. அதே பெயர் கொழும்புக்கு வந்து, ஒரு மேட்டில் ஏறி, ஒல்லாந்த உடை மாற்றிக்கொண்டு நம் வாயில் ‘வுல்பெண்டால்’ ஆகியிருக்கிறது. பண்பாடுகள் சந்தித்தன என்று பொதுவாகச் சொல்கிறோம். ஒருவர் பேச மற்றவர் தமக்குத் தெரிந்ததாகக் கேட்டுக்கொள்வதும் அந்தச் சந்திப்பின் பெரும்பகுதிதான். கொழும்பின் வடபகுதியில் நடந்த அந்தக் கேட்டலின் கதையே இந்தக் கட்டுரை. கேட்டவர்களில் அதிகாரம் உள்ளவர்களைவிட இடையில் நின்றவர்களே கடைசியில் நிலைத்தார்கள் என்பதைக் காட்டுவது இதன் நோக்கம்.

மூன்று மொழி, மூன்று கடவுள்

போர்த்துக்கேயருக்கு முன்னும் இந்தத் துறைமுகத்தில் பல மொழிகள் புழங்கின. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபுனு பதூதா, ‘கலன்பு’ என்ற பட்டினத்தைத் தீவின் அழகான, பெரிய ஊர்களுள் ஒன்றாகக் குறிக்கிறார். அங்கே ஜாலஸ்தி என்ற கடற்றலைவனிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்தார்களாம். அதற்கு முன்பு தீவின் வடமேற்குக் கரையில் அவர் கண்ட ஆரியச்சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்தவர். சிவனொளிபாத மலை எனப்படும் பாவாத மலைக்குப் போக விரும்பிய முஸ்லிம் பயணிக்கு அந்தத் தமிழ் மன்னன் துணையாக யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பினான். யாரும் யாரையும் மதம் மாறச் சொன்னதாக அவர் எழுதவில்லை.

இந்த உலகத்தின் நேர்ச்சாட்சி கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீன மாலுமி செங் ஹே கொண்டுவந்த கல். அதில் உள்ள தேதி 1409ஆம் ஆண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கல்லைச் சீனாவிலேயே பொறித்துக் கப்பலில் ஏற்றியிருக்க வேண்டும். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். தலைப்பில் எதிரெதிரே இரண்டு சீன நாகங்கள். கீழே சீனம், தமிழ், பாரசீகம்.

மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்று நினைத்து வாசிக்கப் போனால் ஏமாற்றமே கிடைக்கும். சீனப் பகுதி புத்தருக்கு நன்றி சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெற்கே தெவிநுவரையில் எழுந்தருளிய தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை வைக்கிறது. சிதைந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால் பேசுகிறது. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய், விளக்குகள். பொருள் ஒன்று, பெறுபவர் மூவர்.

இதை வெறும் சமரசம் என்று புகழ்வது அவசரம். 1411இல் இதே செங் ஹே, அழகக்கோனார் மரபைச் சேர்ந்த அழகேசுவரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். கல்லில் பணிவு, கரையில் படை. ஆனாலும் அந்தக் கல்லின் மொழிக்கொள்கை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய தெய்வம் உண்டு. மொழியை மாற்றும்போது தெய்வத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அது. இந்தத் தீவின் தென்கரையில் ஒரு சீனப் பேரரசு தன்னை அறிவிக்கத் தமிழைத் தேர்ந்ததும் தற்செயலில்லை. துறைமுகங்களில் கணக்கெழுதியவர்களும் பேரம் பேசியவர்களும் அதிகம் புழங்கிய மொழிகளில் அது ஒன்று.

போர்த்துக்கேயரோடு இந்தக் கொள்கை முறிந்தது. தெனாவரை நாயனாரின் கோயிலை 1588இல் அவர்கள் இடித்தார்கள். இனி எல்லா மொழியிலும் ஒரே கடவுளையே சொல்ல வேண்டும். அப்படியானால் அந்தக் கடவுளைத் தமிழில் என்னவென்று அழைப்பது? 1578இல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ் நூல் அவரைத் ‘தம்பிரான்’ என்றது. பின்வந்த கத்தோலிக்கர் ‘சருவேசுரன்’ என்றார்கள். தரங்கம்பாடிப் புரட்டஸ்தாந்துகளின் பதிப்புகள் ‘பராபரன்’ பக்கம் சாய்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் ‘தேவன்’ வந்தது. 1409இல் கல்தச்சன் மூன்று பெயரைப் பொறித்துவிட்டு நிம்மதியாக இருந்த இடத்தில், பின்வந்தவர்கள் ஒரு பெயருக்காக முந்நூறு ஆண்டு சண்டை பிடித்தார்கள். மொழிபெயர்ப்பு ஒரு போர்க்களமானது அப்போதுதான்.

வீட்டுக்குள் வந்தவரும் கந்தோரில் இருந்தவரும்

1656 மே மாதம் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. அந்த முற்றுகையில் ஏப்ரலில் மாண்ட தளபதி ஹுல்ஃப்ட் என்பவரின் பெயரைத்தான் இன்று நீதிமன்றங்கள் உள்ள ஹல்ஸ்டோர்ப் சுமக்கிறது. 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்று ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அறிவித்தது. மாதா கோயில்கள் மூடப்பட்டன, சில புதிய வழிபாட்டுக்குக் கைமாறின.

இந்த இரு ஆட்சிகளும் நம்முள் எவ்வளவு ஆழம் இறங்கின என்பதை அறிய சுவடிக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் ஏதாவதொரு தொடர்மாடி வீட்டுக்குள் நுழைந்து கேட்டாலே போதும். விறாந்தையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருக்கிறோம். யன்னலைத் திறக்கிறோம். மேசையில் பாண் இருக்கிறது. அலுமாரிக்குள் துவாய். உள்ளே குசினி. இத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள்: வரந்தா, சப்பாத்து, கதெய்ரா, ஜனேலா, மேசா, பாவ், அர்மாரியு, துவால்யா, குசீஞா. காலையில் எழுந்து முகம் துடைப்பதிலிருந்து இரவு யன்னலைச் சாத்துவது வரை அவர்கள் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார்கள்.

ஒல்லாந்தச் சொற்களைத் தேடுங்கள். கந்தோர், நொத்தாரிசு, துட்டு, சாக்கு. வேலைத்தலம், உறுதி எழுதுபவர், காசு, பண்டம் கட்டும் பை. வீட்டுக்குள் அவர்கள் வந்த இடம் ஒன்றுதான்: கக்கூசு. விதிவிலக்குகள் உண்டு, காணிப் பதிவேட்டைக் குறிக்கும் ‘தோம்பு’ம் கூவி விற்கும் ‘ஏல’மும் போர்த்துக்கேயமே. ஆனால் தோம்பை ஒரு முழு ஆட்சிக்கருவியாக ஆக்கியவர்கள் ஒல்லாந்தரே.

போர்த்துக்கேயர் மணமுடித்தும் ஞானஸ்நானம் கொடுத்தும் குடும்பத்துக்குள் நுழைந்தார்கள். அவர்கள் போனபின்னும் அவர்கள் மொழி போகவில்லை. ஒல்லாந்தக் கொழும்பின் வீடுகளில் மனைவியரும் பிள்ளைகளும் வேலையாட்களும் பேசியது ஒரு கொச்சைப் போர்த்துக்கேயம். வென்றவர்களின் திருச்சபையே அந்த மொழியிலும் பிரசங்கம் வைக்க வேண்டியதாயிற்று. ஒல்லாந்தக் கம்பனி ஆட்களைப் பதிவேட்டில் பிடித்தது. பள்ளிக்கூடத்தோடு இணைந்த தோம்பில் பிறப்பும் ஞானஸ்நானமும் கலியாணமும் ஏறின. கலியாணம் பதிவாகாவிட்டால் பிள்ளைக்கு முதுசம் சேர்வது சிக்கல். முதலியார் உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தச் சபையில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே ஏராளமானோர் தோம்பில் புரட்டஸ்தாந்தராகவும், வீட்டில் கத்தோலிக்கராகவோ சைவராகவோ பௌத்தராகவோ வாழ்ந்தார்கள். கம்பனியின் அந்தப் பதிவேடுகள் இன்று கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலிலும் சேர்ந்தன. அவற்றில் உள்ள பெயர்களை வைத்து அந்த மனிதர்கள் எதை நம்பினார்கள் என்று சொல்ல முயல்பவர் ஏமாறுவார். சுவடி சொல்வது அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை.

இரண்டு எழுத்தாளர்கள்

இந்த இரட்டை வாழ்க்கைக்குள் தமிழில் இரண்டு பெரிய எழுத்துமுயற்சிகள் நடந்தன. ஒன்று ஓலையில், மற்றது அச்சில்.

ஓலையில் எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ். கோவாவைச் சேர்ந்த கொங்கணிக்காரர், 1676இல் பிறந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்தார். அவருக்கு வழி திறந்தவர் அதே கோவாவின் யோசேப் வாஸ் அடிகளார். 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கி, 1711இல் கண்டியில் இறந்து, 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர். இருவரும் ஒரத்தோரியன் சபையினர். அந்தக் கோவாச் சபையின் பின்னணி முக்கியமானது. ஐரோப்பியத் துறவுச் சபைகள் இந்தியக் குருமாரைச் சமமாகச் சேர்த்துக்கொள்ள மறுத்த காலத்தில், இந்தியர்கள் தமக்கென்று அமைத்துக்கொண்டது அது. வெள்ளைக் குரு ஒருவர் கரையில் கால் வைத்தால் கம்பனியின் ஆட்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள். மாநிறத்தவர், வேட்டி கட்டியவர், பாரம் சுமந்து வருபவர் கூட்டத்தில் கரைந்துபோவார். போர்த்துக்கேயப் பேரரசு யாரை வாசலில் நிறுத்திவைத்ததோ, அவர்களே அந்தப் பேரரசு கைவிட்டுப்போன மதத்தை இங்கே காப்பாற்றினார்கள்.

அவர்களுக்கு நிழல் கொடுத்தவர்கள் கண்டியின் பௌத்த மன்னர்கள். முதலில் வாஸ் அடிகளாரை உளவாளி என்று சிறையிட்ட இரண்டாம் விமலதர்மசூரியனே பின்பு அவருக்கு நடமாடும் சுதந்திரம் கொடுத்தான். கொன்சால்வெஸ் கொங்கணி பேசி வளர்ந்து, சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். ‘தேவ அருள் வேத புராணம்’ அவருடையது. அவர் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ யேசுவின் பாடுகளைச் சொல்லி அழவைப்பது. அது மேடையேறி விளக்கும் பிரசங்கம் என்பதைவிட, கூட்டமாக இருந்து இராகத்தோடு இழுத்து வாசிக்கும் பிரலாபம் என்பதே பொருந்தும். செத்தவீட்டில் பெண்கள் ஒப்பாரி சொல்லும் மரபு தெரிந்தவர்களுக்கு அதன் அழுகையின் ஏற்ற இறக்கம் பழக்கப்பட்டதே. 1742இல் போலவத்தையில் அவர் இறந்தார்.

அச்சில் எழுதியவர் பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் கொழும்பில் பிறந்த தமிழர். பெயர் போர்த்துக்கேயம், பேனை தமிழ், ஊழியம் ஒல்லாந்தத் திருச்சபையில். உள்ளூர்ப் பிள்ளைகளைக் குருத்துவத்துக்குத் தயார்படுத்த 1696இல் கொழும்பில் நிறுவப்பட்ட செமினரியில் படித்தார். இலத்தீனும் கிரேக்கமும் அங்கே பாடங்கள். 1750இல் குருப்பட்டம் பெற்றார். கம்பனியின் அச்சகம் 1737இல் முதல் சிங்கள நூலை வெளியிட்டு, பிறகு தமிழுக்கும் வந்திருந்தது. தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. கத்தோலிக்கத்தை மறுத்து ‘சத்தியத்தின் செயம்’ என்ற நூலையும் எழுதினார். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்று நூலில் இவருக்குத் தனியிடம் உண்டு. நிகண்டு மரபிலும் குறவஞ்சி மரபிலும் கைவைத்த ஒரு பாதிரியாராக அங்கே அவரைக் காண்கிறோம். அவர் பைபிளை மட்டும் மொழிபெயர்த்தவரில்லை. தமிழ்ப் புலமைக்குள்ளிருந்து ஒல்லாந்த மதத்தைப் பேசியவர்.

ஓலையும் அச்சும்

இந்தப் போட்டியில் யார் வெல்வார் என்று 1759இல் பந்தயம் கட்டியிருந்தால் எவரும் அச்சின்மேல்தான் கட்டியிருப்பார்கள். அச்சகம், பள்ளிக்கூடம், சட்டம், சம்பளம், ஐந்தடிச் சுவர் எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் இரவில் ஒளிந்து வரும் குருவும், கைக்குக் கை மாறும் ஓலைச் சுவடியும்.

1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தார்கள். 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். தோம்பில் பெயர் இருப்பதால் கிடைத்த ஆதாயம் போனதும் தோம்புப் புரட்டஸ்தாந்தர் பெருமளவு கலைந்தார்கள். ஒல்லாந்தச் சபை, பறங்கியர் குடும்பங்களும் ஒரு சிறு கூட்டமும் மட்டும் போகும் சபையாகச் சுருங்கியது. அதே கொட்டாஞ்சேனையில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஓலைக் கொட்டிலாகத் தொடங்கிய புனித லூசியாள் ஆலயம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய கவிகைமாடத்தோடு பேராலயமாக எழத் தொடங்கியது. சற்றுத் தள்ளி, கொச்சிப் பட்டினத்தின் பெயரைத் தாங்கிய கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் மெழுகுதிரியோடு வருகிறார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகும் அந்த வரவு நிற்கவில்லை.

அச்சைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தெ மெல்லோவின் உழைப்பு தமிழ் விவிலிய வரலாற்றில் நிற்கிறது. ஆனால் அச்சான நூல் வாசிப்பவனைத் தேடியது. தமிழ் படித்தவர் அன்று சிலரே. வியாகுலப் பிரசங்கத்துக்கு ஒரே ஒரு வாசிப்பவர் போதும், மற்றவர்கள் கேட்டால் சரி. தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கக் கிராமங்களில் அந்தக் குரல் எழும்போது, கேட்பவர்களில் பலருக்கு அதை எழுதியவர் கொங்கணிக்காரர் என்று தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லாத அளவுக்கு அது தமிழாகிவிட்டது.

இடையில் நின்றவர்கள் என்று முதலில் சொன்னது இவர்களைத்தான்: கோவாவின் பிராமணக் கத்தோலிக்கர், போர்த்துக்கேயப் பெயர் கொண்ட தமிழ்ப் பாதிரியார், தோம்பில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வாழ்ந்த முதலியார்கள், செட்டியார்கள். பேரரசுகள் இவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக மட்டுமே நினைத்தன. இவர்களோ எதை எப்படிக் கேட்பது என்று தாங்களே முடிவு செய்தார்கள்.

குன்றிலிருந்து இறங்கிப் புறக்கோட்டைக்குத் திரும்பும் வழியில், சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. இடத்தின் பெயர் கெய்மன் கேட். ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றிய நீரில் முதலைகளைக் கண்டு வைத்த பெயர். ‘கெய்மன்’ ஒல்லாந்தச் சொல்லும் இல்லை. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளிடமிருந்து ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் எடுத்துக் கொடுத்தது. ஓநாய் இல்லாத மேட்டுக்கு ஓநாயின் பெயர். முதலை இருந்த வாசலுக்கு வேறொரு கடலின் முதலைப் பெயர்.

அந்தக் கூண்டில் தொங்கும் மணி, கோட்டே நகரத்தின் போர்த்துக்கேயக் கோயில் ஒன்றில் ஒலித்தது என்பார்கள்; கோட்டே பாழான பின்னர் வுல்பெண்டால் சபை அதைத் தன் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டது. பூசைக்கு அழைத்த மணி, பூசையைத் தடைசெய்தவர்களின் பிரசங்கத்துக்கும் அழைத்திருக்கிறது. மணிக்கு அதில் சிக்கல் இருந்ததாகத் தெரியவில்லை. கீழே மூட்டை இறக்கும் நாட்டாமி ஒருவரிடம் இது எந்தக் கோயில் மணி என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “மேல இருக்கிற பள்ளிட” என்றார். எந்தப் பள்ளி, எந்த மேடு என்று நான் மறுபடி கேட்கவில்லை.